கீழ் டிவிஷன்களின் நடுக்கள ஆட்டக்காரர்: ஒரு தொழிலின் வரலாறு

இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்தில் பிரீமியர் லீக்குக்குக் கீழே மூன்று டிவிஷன்கள் உள்ளன. டிவிஷனுக்கு 24 கிளப்புகள் வீதம் மொத்தம் 72 கிளப்புகள் இவற்றில் ஆடுகின்றன. ஆகஸ்டில் தொடங்கி மே வரை நீளும் ஒரு பருவத்தில் ஒவ்வொரு கிளப்புக்கும் 46 லீக் ஆட்டங்கள். கோப்பை ஆட்டங்கள் தனி. மீன்பிடித் துறைமுகங்கள், நிலக்கரிச் சுரங்க ஊர்கள், பருத்தி ஆலை நகரங்கள் எனத் தொழிற்புரட்சியால் வளர்ந்த ஊர்களே இக்கிளப்புகளில் பலவற்றின் தாயகம். இந்த அணிகளில் தற்காப்புக்கும் முன்களத்துக்கும் நடுவே நின்று, எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்து, தன் ஆட்களிடம் சேர்ப்பவர் நடுக்கள ஆட்டக்காரர். தொண்ணூறு நிமிடமும் அதிகம் ஓடுபவர் அவர். கோல் அடித்தவருக்குக் கிடைக்கும் பெயர் அவருக்குக் கிடைப்பது அரிது. ஆனாலும், கால்பந்தாட்டக்காரர் ஒரு தொழிலாளி என்ற உரிமை இங்கிலாந்தில் நிலைபெற்ற வரலாற்றில், நடுக்களத்திலிருந்து வந்தவர்களின் பங்கு பெரிது.

கூலிக்கு ஆடும் உரிமை

1863-இல் கால்பந்துச் சங்கம் தோன்றியபோது அதை நடத்தியவர்கள் பணத்துக்காக ஆடத் தேவையில்லாத வசதிக்காரர்கள். லங்காஷயரின் ஆலை நகரங்களில் நிலைமை வேறு. அங்குள்ள கிளப்புகள் ஸ்காட்லாந்திலிருந்து திறமைசாலிகளை வரவழைத்து, ஆலையில் பெயருக்கு ஒரு வேலை கொடுத்து, ஆட்டத்துக்கு ரகசியமாகக் கூலி கொடுத்தன. 1884-இல் பிரெஸ்டன் நார்த் எண்ட் கிளப்பின் மீது லண்டனின் அப்டன் பார்க் அணி புகார் செய்தது. பிரெஸ்டனை நடத்திய வில்லியம் சுடெல், தாங்கள் ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுப்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். பிரெஸ்டன் கால்பந்துச் சங்கத்தின் கோப்பைப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் வடக்கத்திக் கிளப்புகள் தனிச் சங்கம் அமைக்கப் போவதாக மிரட்டவே, 1885 ஜூலையில் கூலி ஆட்டம் சட்டபூர்வமானது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1888-இல், 12 கிளப்புகளுடன் கால்பந்து லீக் தொடங்கியது.

அக்காலத்து அணியில் பின்னால் இருவர், நடுவே மூவர், முன்னால் ஐவர் நின்றனர். நடுவில் நின்ற மூவருக்கு ‘ஹாஃப்-பேக்’ என்று பெயர். இன்றைய நடுக்கள ஆட்டக்காரரின் முன்னோடிகள் இவர்களே.

கூலி சட்டமானதும் அதற்குக் கட்டுப்பாடுகளும் வந்தன. 1893-இல் வந்த விதியின்படி, ஓர் ஆட்டக்காரரின் பதிவு கிளப்பின் கையில் இருந்தது. பருவம் முடிந்ததும் கிளப் இரண்டு பட்டியல்கள் தயாரிக்கும்: யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது. வைத்துக்கொள்ளும் பட்டியலில் பெயர் இருந்தால், ஒப்பந்தக் காலம் முடிந்திருந்தாலும் கிளப்பின் சம்மதமில்லாமல் வேறெங்கும் ஆட முடியாது. இதற்கு மேல் 1901-இல் வாரச் சம்பளத்துக்கு 4 பவுண்டு என்று உச்சவரம்பு விதிக்கப்பட்டது. அந்த உச்சவரம்பைக்கூட எட்டாதவர்களே கீழ்மட்டக் கிளப்புகளில் அதிகம்.

இதை எதிர்த்து 1907 டிசம்பரில் மான்செஸ்டரில் ஆட்டக்காரர்கள் சங்கம் உருவானது. அதை நிறுவியவர்களில் முக்கியமானவர் சார்லி ராபர்ட்ஸ் என்ற நடு ஹாஃப்-பேக். இவர் இரண்டாம் டிவிஷனில் இருந்த கிரிம்ஸ்பி டவுனில் ஒரு பருவம் ஆடிவிட்டு, 1904-இல் மான்செஸ்டர் யுனைட்டெடுக்குப் போனவர். 1909-இல் சங்கத்திலிருந்து விலகும்படி ஆட்டக்காரர்களுக்கு உத்தரவு வந்தபோது, ராபர்ட்ஸும் அவருடைய அணியினரும் மறுத்துவிட்டனர். ‘ஒதுக்கப்பட்டோர் கால்பந்துக் கிளப்’ என்று பலகையில் எழுதி, அதைச் சுற்றி உட்கார்ந்து படமெடுத்துக்கொண்டனர். சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது, உச்சவரம்பு போகவில்லை. 1912-இல் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக ஹெர்பர்ட் கிங்கபி என்ற ஆட்டக்காரருக்காகச் சங்கம் நடத்திய வழக்கும் தோற்றது. வைத்துக்கொள்ளும் விதி மேலும் அரை நூற்றாண்டு நிலைத்தது.

மூன்றாம் டிவிஷன்

1920-இல் தெற்கு லீக்கின் கிளப்புகளைச் சேர்த்து மூன்றாம் டிவிஷன் உருவாக்கப்பட்டது. அடுத்த ஆண்டே வடக்குக் கிளப்புகளுக்கும் ஒரு டிவிஷன் தொடங்கி, மூன்றாம் டிவிஷன் வடக்கு, தெற்கு என இரண்டானது. பயணச் செலவைக் குறைக்கவே இந்தப் பிரிவினை. ஆனால் ஒவ்வொரு பகுதியிலும் முதலிடம் பிடித்த கிளப் மட்டுமே மேலே போக முடியும். இரண்டாவதாக வந்தால் அடுத்த ஆண்டு மீண்டும் அதே ஊர்கள், அதே மைதானங்கள்தான்.

இந்த டிவிஷனிலிருந்து மேலே போனவர்களில் மிகப் புகழ்பெற்றவர் பில் ஷாங்க்லி. ஸ்காட்லாந்தின் கிளென்பக் என்ற சுரங்கக் கிராமத்தில் பிறந்து, சுரங்கத்தில் வேலை செய்தவர். 1932-இல் மூன்றாம் டிவிஷன் வடக்கில் இருந்த கார்லைல் யுனைட்டெடில் வலது ஹாஃப்-பேக்காகச் சேர்ந்தார். ஒரே பருவத்தில் பிரெஸ்டன் நார்த் எண்ட் அவரை 500 பவுண்டுக்கு வாங்கியது. ஆட்டத்தை விட்ட பிறகு மேலாளராக அவர் தொடங்கியதும் கார்லைலில்தான். அடுத்து அவர் நடத்திய கிரிம்ஸ்பி டவுன், 1951-52 பருவத்தில் மூன்றாம் டிவிஷன் வடக்கில் இரண்டாவதாக வந்தது. முதலிடம் பெற்ற லிங்கன் சிட்டி மேலே போனது. கிரிம்ஸ்பி அங்கேயே நின்றது. லிவர்பூலைப் பெரும் கிளப்பாக்கிய ஷாங்க்லியின் பயிற்சிக் களம், கார்லைல், கிரிம்ஸ்பி, வொர்க்கிங்டன் ஆகிய மூன்றாம் டிவிஷன் ஊர்களே.

இதே காலத்தில் நடுக்களத்தின் வேலையும் மாறியது. 1925-இல் ஆஃப்சைடு விதி திருத்தப்பட்டது. பந்தைப் பெறும் முன்கள ஆட்டக்காரருக்கு முன்னால் எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும் என்பது இருவராகக் குறைந்தது. கோல்கள் பெருகின. அதைத் தடுக்க, நடு ஹாஃப்-பேக் தற்காப்பு வரிசைக்கு இறங்கினார். முன்களத்தின் உள்பக்க ஆட்டக்காரர்கள் இருவர் பின்வாங்கினர். இரு பக்க ஹாஃப்-பேக்குகளும் இந்த இருவரும் சேர்ந்து மைதானத்தின் நடுவே ஒரு சதுரமாயினர். பறிப்பவர், பகிர்பவர் என்ற இரண்டு வேலைகளும் அப்போது தெளிவாகப் பிரிந்தன.

உச்சவரம்பின் முடிவு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மைதானங்கள் நிரம்பி வழிந்தன. அந்த வருமானம் ஆட்டக்காரர்களின் கைக்கு வரவில்லை. 1958-இல் உச்சவரம்பு பருவக் காலத்தில் வாரத்துக்கு 20 பவுண்டு, கோடையில் 17 பவுண்டு. 1957-இல் ஆட்டக்காரர்கள் சங்கத்தின் தலைவரானவர் ஜிம்மி ஹில். பிரென்ட்ஃபோர்டிலும் ஃபுல்ஹாமிலும் நடுக்களத்திலும் உள்முன்களத்திலும் ஆடியவர். நாடு முழுதும் போய் ஆட்டக்காரர்களைக் கூட்டி, வேலைநிறுத்தத்துக்கு அவர்களைத் தயார்ப்படுத்தினார். 1961 ஜனவரி 21-ஆம் தேதி ஆட்டங்கள் நடக்காது என்று அறிவிப்பானது. அதற்கு மூன்று நாள் முன்பு, 18-ஆம் தேதி, உச்சவரம்பை நீக்க லீக் இணங்கியது.

மீதமிருந்தது வைத்துக்கொள்ளும் விதி. நியூகாசில் யுனைட்டெடின் உள்முன்கள ஆட்டக்காரர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் 1960-இல் வேறு கிளப்புக்குப் போக விரும்பினார். கிளப் விடவில்லை. அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, தெற்கே போய் கார்க் விற்கும் வேலையில் சேர்ந்தார். கடைசியில் ஆர்சனலுக்கு விற்கப்பட்டாலும், சங்கத்தின் துணையுடன் வழக்கைத் தொடர்ந்தார். 1963-இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், அந்த விதி ஒருவர் தொழில் செய்யும் உரிமையை நியாயமின்றித் தடுக்கிறது என்று தீர்ப்பளித்தார். 1978-இல் ஒப்பந்தச் சுதந்திரம் வந்தது. ஒப்பந்தம் முடிந்தவர் புதிய கிளப்பைத் தேர்ந்துகொள்ளலாம். அதற்காகப் புதிய கிளப் பழைய கிளப்புக்குத் தரும் மாற்றுத் தொகையில் இரண்டும் உடன்படாவிட்டால் நடுவர் குழு அதைத் தீர்மானிக்கும்.

உச்சவரம்பு போனதால் முதல் டிவிஷனின் நட்சத்திரங்கள் வாரம் 100 பவுண்டு வரை வாங்கினர். கீழ் டிவிஷன்களில் நிலைமை தலைகீழானது. மேல் கிளப்புகளுக்கும் கீழ்க் கிளப்புகளுக்கும் இடையே சம்பள இடைவெளி விரியத் தொடங்கியது. 1962 மார்ச்சில் நான்காம் டிவிஷனின் ஆக்ரிங்டன் ஸ்டான்லி கடனில் மூழ்கி, பருவத்தின் நடுவிலேயே லீக்கிலிருந்து விலகியது.

நான்கு டிவிஷன்களும் மாற்று ஆட்டக்காரரும்

1958-இல் வடக்கு, தெற்குப் பிரிவினை நீங்கி, நாடு முழுமைக்குமாக மூன்றாம், நான்காம் டிவிஷன்கள் வந்தன. மேலே போகும் வழி அகலமானது. நான்காம் டிவிஷனில் கடைசி நான்கு இடங்களில் வந்த கிளப்புகள் லீக்கில் நீடிக்க மற்றக் கிளப்புகளின் வாக்கைக் கேட்க வேண்டியிருந்தது. பெரும்பாலும் பழைய கிளப்புகளே காப்பாற்றப்பட்டன.

1965-66 பருவத்தில்தான் லீக் ஆட்டங்களில் மாற்று ஆட்டக்காரர் அனுமதிக்கப்பட்டார். அதுவும் யாராவது காயமடைந்தால் மட்டும். முதல் நாளான ஆகஸ்ட் 21 அன்று போல்டனில் ஆடிய சார்ல்ட்டன் அத்லெட்டிக்கின் கோல்கீப்பர் மைக் ரோஸ் 11-ஆம் நிமிடத்தில் காயமடைந்தார். மாற்றாக இருந்தவர் கீத் பீகாக் என்ற நடுக்கள ஆட்டக்காரர். தற்காப்பு ஆட்டக்காரர் ஜான் ஹியூயி கோல்கீப்பராக நிற்க, பீகாக் களமிறங்கினார். சார்ல்ட்டன் 4-2 எனத் தோற்றது. ஆனால் கால்பந்து லீக்கின் முதல் மாற்று ஆட்டக்காரர் என்ற பெயர் பீகாக்குக்கு நிலைத்தது. 1962 முதல் 1979 வரை இரண்டாம், மூன்றாம் டிவிஷன்களில் சார்ல்ட்டனுக்காகவே அவர் ஆடினார். ஒரே கிளப்பில் முழு ஆட்ட வாழ்வையும் கழிப்பது அக்காலத்தில் அரிதல்ல.

பயிற்சிப் பையன் முதல் ஒப்பந்தக்காரர் வரை

இத்தொழிலுக்குள் நுழையும் வழி பள்ளிப் பருவத்திலேயே தொடங்கும். தொடக்கத்தில் கிளப்புகள் சிறுவர்களை மைதான வேலைக்காரர்களாக எடுத்தன. 1960-இல் முறையான பயிற்சித் திட்டம் வந்தது. பள்ளியை முடித்த பையன் காலையில் மூத்தவர்களின் பூட்ஸைத் துடைத்து, உடைமாற்றும் அறையைக் கழுவி, அதன் பிறகே பந்தைத் தொட்டான். 18 வயது நெருங்கும்போது மேலாளர் அவனை அறைக்குள் அழைத்து, ஒப்பந்தம் உண்டா இல்லையா என்று சொல்லுவார். பலருக்கு இல்லை என்பதே பதில்.

நிராகரிக்கப்பட்டவர்களைப் பொறுக்கியெடுத்து வளர்த்தவையும் கீழ் டிவிஷன் கிளப்புகளே. டான்காஸ்டரின் பெக்லர் பித்தளைத் தொழிற்சாலையில் வேலை செய்த கெவின் கீகனை ஸ்கந்தார்ப் யுனைட்டெட் சேர்த்துக்கொண்டது. நடுக்களத்தில் ஆடிய அவரை 1971-இல் ஷாங்க்லியின் லிவர்பூல் வாங்கியது. மான்செஸ்டர் யுனைட்டெட் விடுவித்த டேவிட் பிளாட் 1985-இல் நான்காம் டிவிஷனின் க்ரூ அலெக்சாண்ட்ராவில் சேர்ந்தார். ஐந்து ஆண்டுகளில் இங்கிலாந்துக்காக உலகக் கோப்பையில் கோல் அடித்தார்.

அப்படி மேலே போகாத பெரும்பான்மையினரின் வாழ்க்கையை உள்ளிருந்து எழுதியவர் எமன் டன்ஃபி. அயர்லாந்துக்காரரான இவர் மான்செஸ்டர் யுனைட்டெடில் பயிற்சி பெற்று, முதல் அணியில் இடம் கிடைக்காமல், யார்க் சிட்டி வழியாக மில்வாலுக்கு வந்த நடுக்கள ஆட்டக்காரர். 1973-74 பருவத்தில் அவர் எழுதிய நாட்குறிப்பு ‘ஒன்லி எ கேம்?’ என்ற நூலானது. பருவத் தொடக்கத்தின் நம்பிக்கை, அணியில் இடம் பறிபோவது, தன் இடத்தில் ஆடும் நண்பன் சரியாக ஆடக் கூடாதே என்று மனம் நினைப்பதும் அதற்காக வெட்கப்படுவதும் என எதையும் மறைக்காமல் எழுதினார். அந்தப் பருவத்தின் நடுவிலேயே அவர் மில்வாலை விட்டு, மூன்றாம் டிவிஷனின் சார்ல்ட்டனுக்குப் போக நேர்ந்தது. கால்பந்தாட்டக்காரரை ஒரு வேலைக்காரராகக் காட்டிய முதல் தரமான நூல்களில் அது ஒன்று.

டோனி ஃபோர்டு: 931 ஆட்டங்கள்

கீழ் டிவிஷன் ஆட்ட வாழ்வின் முழு நீளத்தையும் அறிய டோனி ஃபோர்டைப் பார்க்கலாம். 1959 மே மாதம் கிரிம்ஸ்பியில் பிறந்தவர். 1975 அக்டோபரில், 16 வயது 143 நாளில், சொந்த ஊர் அணிக்காக மூன்றாம் டிவிஷனில் களமிறங்கினார். அந்தக் கிளப்புக்கு ஆடிய மிக இளையவர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. வலது பக்க நடுக்களமும் ஓரமும் அவருடைய இடம். ஆட்ட வாழ்வின் கடைசிக் காலத்தில் வலது தற்காப்பிலும் ஆடினார். ஐஸ்லாந்துடனான மீன்பிடித் தகராறில் கிரிம்ஸ்பியின் மீன்பிடித் தொழில் நொடித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அவரைப் போன்ற கறுப்பின ஆட்டக்காரர்கள் லீக்கில் மிகக் குறைவாக இருந்த காலமும் அதுவே.

1977-இல் கிரிம்ஸ்பி நான்காம் டிவிஷனுக்கு இறங்கியது. 1979-இல் மேலே வந்தது. 1980-இல் மூன்றாம் டிவிஷன் கோப்பையையே வென்றது. மூன்று நிலைகளையும் ஃபோர்டு ஒரே கிளப்பில் கண்டார். 1986 வரை அங்கே 355 லீக் ஆட்டங்கள் ஆடிய பின் ஸ்டோக் சிட்டிக்கும், 1989-இல் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனுக்கும் போனார். அதே ஆண்டு இங்கிலாந்தின் ‘பி’ அணியிலும் இடம் பெற்றார். முப்பதைத் தாண்டியதும் 1991-இல் கிரிம்ஸ்பிக்குத் திரும்பினார். 1994-இல் ஸ்கந்தார்ப், 1996-இல் லீக்குக்கு வெளியே பேரோ, பிறகு மான்ஸ்ஃபீல்டு டவுன் வழியாக மீண்டும் லீக்.

பேரோவோடு முடிந்துவிடும் என்று தோன்றிய ஆட்ட வாழ்வு அதற்குப் பின் ஐந்து ஆண்டுகள் நீண்டது. மான்ஸ்ஃபீல்டில் ஆடும்போதுதான், களத்தில் ஓடி ஆடுபவர்களில் அதிக லீக் ஆட்டங்கள் என்ற சாதனை அவர் கைக்கு வந்தது. அதுவரை அது சவுதாம்ப்டனிலும் ஹெரிஃபோர்டிலும் ஆடிய டெர்ரி பெயினிடம் 824 ஆட்டங்களாக இருந்தது. 1999-இல் மேலாளர் ஸ்டீவ் பார்க்கினுடன் ராச்டேலுக்குப் போய், ஆட்டக்காரராகவும் உதவி மேலாளராகவும் இருந்தார். 2000-இல் அவருக்கு எம்.பி.இ. விருது தரப்பட்டது. 2001-இல் 42 வயதில் ஆட்டத்தை விட்டபோது அவருடைய லீக் ஆட்டங்கள் 931.

இந்த எண்ணிக்கை உடல் வலிமையை மட்டும் காட்டுவதல்ல. கிளப் மாறும்போதெல்லாம் புதிய ஊர், புதிய மேலாளர், புதிய ஒப்பந்தம். அடுத்த ஒப்பந்தம் கிடைக்கும் அளவுக்கு ஒவ்வொரு பருவமும் உடலைக் காப்பாற்ற வேண்டும். அதை 26 ஆண்டுகள் செய்தவர் ஃபோர்டு.

கோப்பை நாட்கள்

கீழ் டிவிஷன் நடுக்கள ஆட்டக்காரர் நாட்டுக்கே தெரியவரும் நாள், பெரும்பாலும் கோப்பை ஆட்டம் நடக்கும் நாளே. 1972 பிப்ரவரி 5 அன்று, அப்போது லீக்குக்கு வெளியே தெற்கு லீக்கில் இருந்த ஹெரிஃபோர்டு யுனைட்டெட், முதல் டிவிஷனின் நியூகாசிலை எட்கர் ஸ்ட்ரீட் மைதானத்தில் சந்தித்தது. மைதானம் சேறாகிக் கிடந்தது. 0-1 எனப் பின்தங்கிய ஹெரிஃபோர்டுக்கு ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, நடுக்களத்தில் ரோனி ராட்ஃபோர்டு பந்துக்காகப் போராடி, அதைக் கூட்டாளியிடம் தள்ளி, திரும்ப வந்த பந்தைத் தொலைவிலிருந்தே உதைத்தார். பந்து வலையின் மேல்மூலையில் பாய்ந்தது. ரசிகர்கள் மைதானத்துக்குள் ஓடி வந்தனர். கூடுதல் நேரத்தில் ரிக்கி ஜார்ஜ் அடித்த கோலில் ஹெரிஃபோர்டு 2-1 என வென்றது. ராட்ஃபோர்டு தொழிலால் தச்சர். அதற்கு முன் நான்காம் டிவிஷனின் நியூபோர்ட் கவுன்டியில் ஆடியவர். அதே ஆண்டு, பேரோவை வெளியேற்றி ஹெரிஃபோர்டுக்கு லீக்கில் இடம் தர மற்றக் கிளப்புகள் வாக்களித்தன.

1977-இல் லீக்குக்குள் வந்த விம்பிள்டன், 1986-இல் முதல் டிவிஷனை எட்டியது. 1988-இல் லிவர்பூலை 1-0 என வென்று கோப்பையை எடுத்தது. அந்த ஒரே கோலைத் தலையால் முட்டி அடித்த லாரி சான்செஸ், ரெடிங் கிளப்பில் கீழ் டிவிஷன்களில் வளர்ந்தவர். அவருடன் நடுக்களத்தில் ஆடிய வின்னி ஜோன்ஸ் இரண்டு ஆண்டு முன்புவரை கட்டட வேலையில் செங்கல் சுமந்தவர்.

சுதந்திரமும் நிச்சயமின்மையும்

1986-87 பருவம் முதல் நான்காம் டிவிஷனின் கடைசி அணி, வாக்கெடுப்பில்லாமல் நேரே லீக்கிலிருந்து வெளியேறும் நிலை வந்தது. 1960-இல் இங்கிலாந்தின் சாம்பியனாக இருந்த பர்ன்லி, கடைசி நாள் வெற்றியால் தப்பியது. டார்க்கி யுனைட்டெடின் ஜிம் மக்னிக்கலைக் களத்தோரத்தில் ஒரு காவல்துறை நாய் கடித்தது. அதற்காகக் கூட்டப்பட்ட நிமிடங்களில் பால் டாப்சன் சமன் செய்யும் கோலை அடிக்க, டார்க்கியும் தப்பியது. லிங்கன் சிட்டி வெளியேறியது. அந்த நாள் முதல், கடைசி இடத்தில் உள்ள கிளப்பின் ஆட்டக்காரருக்கு மே மாதம் வேலையே போகும் மாதமானது.

1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இத்தொழிலை முழுதாக மாற்றியது. வழக்குத் தொடர்ந்த ஜான்-மார்க் போஸ்மன், பெல்ஜியத்தின் லியேஜ் கிளப்பில் ஆடிய, பெரிய பெயரில்லாத நடுக்கள ஆட்டக்காரர். ஒப்பந்தம் முடிந்தவருக்கு மாற்றுத் தொகை கேட்கக் கூடாது என்றானது. கீழ் டிவிஷன் கிளப்புகள் ஆட்டக்காரரை விற்று வாழ்ந்தவை. அந்த வருமானம் சுருங்கியது. அதன்பின் பலருக்கு ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்களே கிடைத்தன.

2002-இல் ஐ.டி.வி. டிஜிட்டல் என்ற தொலைக்காட்சி நிறுவனம் சரிந்தது. கால்பந்து லீக்குடன் அது செய்த ஒப்பந்தம் 31.5 கோடி பவுண்டு, அதில் 17.85 கோடி வரவேண்டியிருந்தது. அந்தப் பணத்தை நம்பிச் சம்பளம் பேசிய கிளப்புகள் கோடையில் ஆட்டக்காரர்களைக் கூட்டம் கூட்டமாக விடுவித்தன. 2019 ஆகஸ்டில் பரி கிளப் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. கூலி ஆட்டம் சட்டமான அதே 1885-இல் பிறந்து, இரண்டு முறை கோப்பை வென்ற கிளப் அது. சம்பள பாக்கியோடு ஆடி, அந்த ஏப்ரல் மாதம்தான் அதன் ஆட்டக்காரர்கள் அணியை மேல் டிவிஷனுக்கு உயர்த்தியிருந்தார்கள். 2020-இல் மூன்றாம் மட்டமான ‘லீக் ஒன்று’க்கு 25 லட்சம், நான்காம் மட்டமான ‘லீக் இரண்டு’க்கு 15 லட்சம் பவுண்டு என்று கிளப்புகளின் மொத்தச் சம்பளத்துக்கு வரம்பு வந்தது. ஆட்டக்காரர்கள் சங்கம் நடுவர் தீர்ப்பில் வென்று, 2021 பிப்ரவரியில் அதை நீக்கியது.

சார்லி ராபர்ட்ஸ் தொடங்கிய போராட்டம், கிளப்பை விட்டுப் போகும் உரிமையை ஆட்டக்காரருக்கு வாங்கிக் கொடுத்துவிட்டது. உழைத்த சம்பளம் மாதக் கடைசியில் வந்து சேரும் என்ற உறுதியை அது வாங்கிக் கொடுக்கவில்லை. அந்த உறுதி, கிளப்பை நடத்துபவரின் நேர்மையைச் சார்ந்தே இருந்துவந்தது. 2025 ஜூலையில் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டம், மேல் ஐந்து மட்டங்களிலுள்ள கிளப்புகள் உரிமம் பெற்று நிதிநிலையைக் காட்ட வேண்டும் என்று விதித்து, தனி ஒழுங்குமுறை அமைப்பு ஒன்றை நிறுவியது. பரியில் நடந்தது இன்னொரு ஊரில் நடக்காமல் பார்த்துக்கொள்வதே அந்தச் சட்டத்தின் மதிப்பை அளக்கும் அளவுகோல்.